முதிரை மேசை பொருத்தால விட்டுப்போச்சு: கம் பிழையோ, கை பிழையோ?

சிலாகை | ஆவணி, சனி இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். நான் தொழிலுக்கு மரவேலை செய்யிற ஆள் இல்லை. சனி ஞாயிறில வீட்டுக் கொட்டிலுக்க நிண்டு தட்டுறதுதான். அம்மம்மாவின்ர கொக்குவில் வீட்டைப் பிரிக்கேக்க வந்த முதிரைக் கைமரங்களை மர ஆலையில அறுப்பிச்சு, 4 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பில 8 பலகை எடுத்தன். பக்கத்தோட பக்கம் கம் பூசி ஒட்டி 5 அடி நீளத்தில ஒரு சாப்பாட்டு மேசை. சித்திரையில முடிச்சு, வார்னிஷும் அடிச்சு, வாற சனமெல்லாம் தடவிப் பாத்துப் புழுகினது.

இப்ப மூண்டு இடத்தில பொருத்து விட்டுட்டுது. ஒரு இடத்தில பத்து ரூபாக் குத்தி நிமிர்ந்து உள்ள போகுது.

பூசினது கடையில வாளியில இருந்து கிலோக் கணக்கில அள்ளித் தாற வெள்ளைக் கம். பழகின கடைதான், பேர் வேண்டாம். கொஞ்சம் தண்ணியாத்தான் இருந்தது. பிரிச்சுத் திருப்பி ஒட்டப்போறன். கெமிபிக்ஸ், பெவிகால், டைட்பொண்ட், அரல்டைட் எண்டு ஆளுக்கொரு பேர் சொல்லினம். எதை வாங்க?

---

ஸ்காபரோ சாவகச்சேரியான் | சனி இரவு 10:02

தம்பி, யோசிக்காமல் டைட்பொண்ட் 3 எடும். நான் இஞ்சை பத்து வருசமா அதைத்தான் பாவிக்கிறன். தண்ணிக்கு நிக்கும், 4000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 4000 றாத்தல்) பலம் எண்டு போட்டிருக்கிறாங்கள், பூசிப்போட்டு 8-10 நிமிசம் வரைக்கும் பொருத்த நேரம் கிடைக்கும். சாதாரண டைட்பொண்டுக்கு 4-6 நிமிசம், 2 ஆம் நம்பருக்கு 3-5 நிமிசம்தான். எங்களுக்கு இஞ்சை உள்ள கரைச்சல் குளிர். பனிக்காலத்தில கராஜுக்க ஒட்டினா கம் காயாமல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூளாப் போகும். 3 ஆம் நம்பர் எட்டுப் பாகை செல்சியஸ் வரைக்கும் தாங்கும். உங்களுக்கு அந்தச் சோலி இல்லை.

---

நெல்லியடி நண்டு | சனி இரவு 10:15

அரல்டைட் பூசி விடுங்கோ அண்ணை. மரம் உடையும், பொருத்து உடையாது.

---

உளிச்சத்தம் | ஞாயிறு காலை 5:40

ஒரு கேள்வி. விட்ட பொருத்தைத் துண்டறக் கழட்டிப் பாத்தனீரோ? கம்மின்ர பேரைக் கேக்க முதல் அந்த முகத்தைப் பாரும். நாப்பது வருசமா உந்தத் தொழில்தான். கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து "கம் சரியில்லை" எண்டு சொல்லாத ஆள் ஒருத்தர் இல்லை. கால் விட்ட துளைக்குள்ள விரலை விட்டுப் பாத்தா, உள்ளுக்குப் பழைய வார்னிஷ் இருக்கும்.

பலகையை வெளிச்சத்தில சரிச்சுப் பிடிச்சு மூண்டு விசயம் பாரும். ஒரு பக்கத்து நார் மற்றப் பக்கத்தில பிஞ்சு ஒட்டியிருக்கோ? கம் ஒரு பக்கத்தில மட்டும் பளபளப்பாத் தோல் மாதிரி நிக்குதோ? இல்லை, கம்மே இல்லாமல் மரம் அப்பிடியே கிடக்கோ? பாத்துப்போட்டு எழுதும்.

---

கணக்கு வாத்தி | ஞாயிறு காலை 8:25

உளிச்சத்தம் ஐயா கேட்டதுக்குள்ள விசயம் இருக்கு. நார் பிஞ்சு வந்திருந்தால் கம் தன்ர வேலையைச் செய்து முடிச்சிட்டுது, தோத்தது மரம். அப்ப எந்த ரின்னை மாத்தி வாங்கியும் பிரயோசனம் இல்லை.

பேர்களைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். வெள்ளைக் கம், மஞ்சள் கம், நீங்கள் சொன்ன முதல் மூண்டு பேருமே அடிப்படையில ஒரு குடும்பம்: பொலிவினைல் அசிற்றேற்று. 1912 இல ஜேர்மனியில பிறிற்ஸ் கிளாற்றே கண்டுபிடிச்ச சாமான். நுண்ணிய துணிக்கைகளாத் தண்ணிக்குள்ள மிதக்கும். தண்ணியை மரம் உறிஞ்ச, துணிக்கைகள் நெருங்கி ஒண்டோட ஒண்டு சேர்ந்து படலமாகும். அதனாலதான் மரம் தண்ணி உறிஞ்சாட்டி இந்தக் கம் ஒட்டாது. எண்ணெய், மெழுகு, வார்னிஷ் பட்ட இடத்தில வெறும் தோலாக் காயும்.

தண்ணிக்கு எவ்வளவு நிக்கும் எண்டதுக்கு ஐரோப்பிய நியமம் ஒண்டு இருக்கு, ஈஎன் 204. டி1 இல இருந்து டி4 வரை நாலு வகுப்பு. டி3 எண்டால் ஒட்டின துண்டை 4 நாள் பச்சைத் தண்ணிக்குள்ள போட்டுச் சோதிப்பினம். டி4 க்கு 6 மணித்தியாலம் அவிச்சும் பாப்பினம். கடையில பேரைக் கேக்கிறதை விட ரின்னில டி3 இருக்கோ எண்டு பாக்கிறது நல்லது. வாளியில அள்ளித் தாற கம்மில என்ன பாக்கிறது? சொல்லிறவன்ர முகத்தைத்தான்.

---

சிலாகை | ஞாயிறு பின்னேரம் 4:50

கழட்டிப் பாத்தன். கழட்டிறதுக்குப் பெரிய பலமே தேவைப்படேல்லை, அதுவே ஒரு வெக்கக்கேடு.

முதல் பொருத்து: ஒரு பலகையில கம் பால் ஆடை மாதிரிப் பளபளெண்டு நிக்குது. நகத்தால கிளப்ப நீளமா உரிஞ்சு வருது. மற்றப் பலகையில ஒண்டுமே பிடிக்கேல்லை.

இரண்டாவது: ஒரு பக்கம் கொஞ்சம் கறுப்பு. மணந்து பாத்தன், பழைய ஒயில் மணம். இப்பதான் ஞாபகம் வருது, தாத்தா கறையானுக்கு எண்டு கைமரம் எல்லாத்துக்கும் கழிவு ஒயில் பூசினவர். அந்தப் பக்கம் ஆலையில சீவுப்படாமல் அப்பிடியே வந்திருக்கு.

மூண்டாவது நுனியில மட்டும் ஒரு ஆறு அங்குலம் வெடிச்சிருக்கு. அங்கை நார் பிஞ்சுதான் வந்திருக்கு.

ஒட்டினது மத்தியானம், தகரக் கொட்டில். எட்டுப் பலகைக்கும் ஒரேயடியாப் பூசிப்போட்டுத்தான் சேர்த்தனான். பலகையை நெரிச்சுப் பிடிக்கிற கிளாம்ப் இரண்டுதான் இருந்தது, நடுவில கயிறு போட்டு முறுக்கினன். பலகையின்ர பக்கங்கள் சீவினது மாசியில.

---

உளிச்சத்தம் | ஞாயிறு இரவு 7:15

தம்பி கேள்விக்கு முதலே பதிலை எழுதிப்போட்டீர்.

சித்திரை வெயில், தகரத்துக்குக் கீழ, மத்தியானம். ஏழு பொருத்துக்குப் பூசி முடிக்க உமக்குப் பத்துப் பதினைஞ்சு நிமிசம் போயிருக்கும். முதல் பூசின பொருத்து அதுக்கிடையில தோல் போட்டிட்டுது. அதுக்கு மேல எவ்வளவு இறுக்கினாலும் காஞ்ச தோலை மரத்தில ஒட்டவைக்க ஏலாது. டைட்பொண்டின்ர நிமிசக் கணக்கெல்லாம் 21 பாகையில எடுத்த கணக்கு. எங்கட தகரக் கொட்டிலுக்க அதில பாதியும் மிஞ்சாது.

நான் கம் வேலை வைக்கிறது விடிய ஆறு மணிக்கு. வெயில் ஏற முதல் கிளாம்ப் இறுக்கி முடிஞ்சிடவேணும். எட்டுப் பலகையையும் ஒரு நாளில ஒட்டோணும் எண்டு சட்டம் இல்லை. இரண்டு இரண்டா ஒட்டும். நாலு சோடி வரும். அடுத்த நாள் அதை இரண்டாக்கும். கடைசிப் பொருத்து ஒண்டே ஒண்டு, ஆறுதலாச் செய்யலாம்.

ஒயில் பட்ட மரத்துக்கு மருந்து சீவுளிதான். தின்னர் போட்டுத் துடைச்சா மேலால போகும், உள்ளுக்கு ஊறினது பேந்து வெளியில வரும். கறுப்புப் போகும் வரைக்கும் சீவும். போதுமோ எண்டு தெரியவேணுமெண்டால் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாரும். சொட்டு முத்து மாதிரி உருண்டு நிண்டால் இன்னும் சீவு. பரந்து ஊறினால் கம் பிடிக்கும். ஒயில் படாத மரத்துக்கும் உது பொருந்தும். மாசியில சீவின முகம் சித்திரைக்குப் பழசு. சீவின அண்டைக்கே ஒட்டு.

---

பூவரசு | ஞாயிறு இரவு 8:00

உளிச்சத்தம் அண்ணை, தேக்குக்கும் இதுதானே? நான் மானிப்பாயில சின்னப்பிள்ளையளுக்கு விளையாட்டுச் சாமான் செய்யிறனான். தேக்கு வெட்டுத் துண்டில சக்கரம் ஒட்டினால் ஒரு கிழமையில கழண்டிடும். பேந்துதான் ஆரோ சொல்லிச்சினம், தேக்குக்குள்ளயே எண்ணெய் இருக்கு, ஒட்ட முதல் அசிற்றோன் தொட்டுத் துடை எண்டு. இப்ப துடைச்ச கையோட ஒட்டுறன், கழண்டதில்லை. வேம்பும் பலாவும் இந்தக் கரைச்சல் தாறேல்லை.

சூப்பர் குளூ அவசரத்துக்கு நல்லம் எண்டு நிறையப் பேர் பூசினம். சக்கரத்துக்குப் பூசிப் பாத்தன்; ஒருக்கா நிலத்தில விழ, கண்ணாடி மாதிரித் தெறிச்சுப் போச்சு. விரல்தான் வடிவா ஒட்டினது.

---

கணக்கு வாத்தி | ஞாயிறு இரவு 9:20

கிளாம்ப் கதைக்கு வருவம். சிலாகை, உங்கட ஒரு பொருத்து 5 அடி, அதாவது 60 அங்குலம் நீளம், 1 அங்குலத் தடிப்பு. 60 சதுர அங்குலம். முதிரை மாதிரி வைர மரத்துக்குக் கம் செய்யிறவை சொல்லிற அமுக்கம் ஒரு சதுர அங்குலத்துக்கு 175 இல இருந்து 250 றாத்தல். குறைஞ்ச கணக்கில பாத்தாலும் 60 தர 175, பத்தாயிரத்து ஐந்நூறு றாத்தல். இரண்டு கிளாம்பும் ஒரு கயிறும் இதில எத்தினை பங்கு தரும்?

---

உளிச்சத்தம் | ஞாயிறு இரவு 9:45

வாத்தியார், உந்தக் கணக்கைப் பாத்தால் எங்கட அப்பு செய்த அலுமாரி ஒண்டும் இண்டைக்கு நிக்கக்கூடாது. அவரிட்ட ஒரு கிளாம்பும் இருந்ததில்லை. வச்சிரம் (தோல், எலும்பு அவிச்செடுக்கிற கம்) காய்ச்சிப் பூசி, இரண்டு பலகையையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு முன்னுக்கும் பின்னுக்கும் தேய்ப்பார். நாலைஞ்சு தரம் தேய்க்கக் கம் பிடிச்சு இழுக்கும், அப்ப கையை எடுப்பார். அவ்வளவுதான். பேந்து பெரிய வேலைக்கு நிலத்தில கட்டை அடிச்சு, இரண்டு பக்கமும் ஆப்பு இறுக்குவார். நான் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவா வெட்டிச் சுத்துறனான். வளைஞ்ச கதிரைக் காலுக்கு அதைப் போல ஒரு கிளாம்ப் உலகத்தில இல்லை.

ரகசியம் சீவுளியில. இரண்டு பலகையையும் கம் இல்லாமல் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடிச்சால் நடுவால வெளிச்சம் வரக்கூடாது. வெளிச்சம் வருகுதெண்டால், கிளாம்ப் போட்டு நெரிச்சு மூடுறது பொய் வேலை. மரம் தன்ர இடத்துக்குத் திரும்பத்தான் பாக்கும்.

---

கணக்கு வாத்தி | ஞாயிறு இரவு 10:05

ஒத்துக்கொள்ளிறன் ஐயா, ஆனால் அரைவாசிதான். வச்சிரம் ஆற ஆறத் தானே இறுகி இழுக்கும். அதுக்குத் தேய்ச்சு ஒட்டுறது சரி. வெள்ளைக் கம்முக்குப் படலம் மெல்லிசா வர அமுக்கம் வேணும். ஐயா மாதிரிச் சீவத் தெரிஞ்சவருக்கு மூண்டு கிளாம்ப் காணும், சிலாகைக்குக் குறைஞ்சது ஐஞ்சு வேணும். எழுதினதைப் பாத்தால் அவருக்குச் சீவுளி இன்னும் கைக்குப் பழகேல்லை.

---

சிலாகை | ஞாயிறு இரவு 10:08

வாத்தியார் 😀 உண்மைதான்.

---

வாடைக்காத்து | திங்கள் காலை 6:30

வச்சிரம் எண்டு கேட்டு எத்தினை வருசம்! சின்னனில பக்கத்து வீட்டு ஐயா காய்ச்சேக்க தெருவே மணக்கும். தோலையும் எலும்பையும் அவிச்செடுத்த சாமானெல்லே. இப்பவும் ஆராவது பாவிக்கினமோ? மகளின்ர வயலினுக்கு மேல்பலகை விளிம்பால கொஞ்சம் விட்டிருக்கு. வெள்ளைக் கம் பூசலாமோ?

---

உளிச்சத்தம் | திங்கள் காலை 7:00

தங்கச்சி, தயவுசெய்து பூசாதேங்கோ. வயலினை வச்சிரத்தில ஒட்டுறதே ஒருநாள் திருப்பிக் கழட்டவேணும் எண்டுதான். ஈரமும் கொஞ்சச் சூடும் காட்ட, மெல்லிய கத்தி விட்டால் நோகாமல் பிரியும். வெள்ளைக் கம் பூசினால் அடுத்த முறை திறக்கேக்க மரம்தான் பிஞ்சு வரும். பிறகு திருத்திற ஆள் உங்களைத் திட்டுவார்.

நீங்களே ஒட்டுறதெண்டால் காஞ்ச வச்சிரத்தை முதல் நாள் பச்சைத் தண்ணியில ஊறப்போட்டு, ஒரு சட்டித் தண்ணிக்குள்ள இன்னொரு பேணியை வைச்சுச் சூடாக்குங்கோ. நேர நெருப்பில வைக்காதேங்கோ. அறுபது பாகை காணும். கொதிச்சால் பலம் போயிடும்.

---

நெல்லியடி நண்டு | திங்கள் மத்தியானம் 12:40

எல்லாரும் என்ர அரல்டைட்டை மறந்திட்டியள். மரத்துக்கும் இரும்புக்கும், உடைஞ்ச துளைக்கும் வேற என்ன பூசுவியள்?

---

கணக்கு வாத்தி | திங்கள் பின்னேரம் 3:30

அதுக்கு அதுதான் சரி, மறுக்கேல்லை. இடைவெளியை நிரப்பிற குணம் அரல்டைட் மாதிரி எப்பொக்சிக்குத்தான் இருக்கு. வெள்ளைக் கம் இடைவெளியில சுருங்கி வெடிக்கும். ஆடுற கதிரைக் காலுக்குத் துளை பெருத்திட்டுதெண்டால் நானும் எப்பொக்சிதான் பூசுவன். இரண்டு ரியூப்பிலயும் சரிக்குச் சரி எடுத்து நிறம் ஒண்டாகுமட்டும் குழைக்கவேணும். கனக்கப் பேர் பிழை விடுறது அங்கைதான். ஒரு பக்கம் கூடினால் நாள்கணக்கில பிசுபிசெண்டு நிக்கும். இன்னொண்டு, அதை நெரிச்சு இறுக்கக்கூடாது, எல்லாம் வெளியில வந்திடும். வெயில் படுற கதவுக்கும் யோசிச்சுத்தான் பூசவேணும். சாதாரண எப்பொக்சி நல்லாச் சுட்டால் இளகும்.

ஆனால் 5 அடிப் பலகை ஏழு பொருத்துக்கு அரல்டைட் வாங்கிற காசுக்குப் புது மேசை வாங்கலாம்.

---

சிலாகை | திங்கள் இரவு 8:15

அப்ப மூண்டாவது வெடிப்பு? அங்கை நார் பிஞ்சு வந்திருக்கு எண்டு சொன்னன். கம் பிடிச்சிருக்கு, ஆனாலும் வெடிச்சிருக்கு.

---

உளிச்சத்தம் | திங்கள் இரவு 8:50

மேசைப் பலகையைச் சட்டத்தோட என்னத்தால பூட்டினனீர்?

---

சிலாகை | திங்கள் இரவு 8:52

கீழால இஸ்க்ரூ. சட்டத்துக்கும் கம் பூசி, ஆறு அங்குலத்துக்கு ஒண்டு. ஆடக்கூடாது எண்டு நல்லா இறுக்கினன்.

---

உளிச்சத்தம் | திங்கள் இரவு 9:20

அங்கைதான் மேசையைக் கொண்டனீர்.

மரம் நீளத்தில அசையாது. அகலத்தில அசையும். மாரிக்கு ஈரம் குடிச்சுப் பெருக்கும், சோளகக் காத்து அடிக்கச் சுருங்கும். வீட்டுக் கதவைப் பாரும், கார்த்திகையில இடிச்சுத்தான் பூட்டவேணும், ஆடியில தானாத் திறக்கும். 32 அங்குல அகலப் பலகை சுருங்கப் பாக்குது. நீர் குறுக்குச் சட்டத்தில கம்மும் இஸ்க்ரூவும் போட்டுப் பிடிச்சு வைச்சிருக்கிறீர். ஏதோ ஒண்டு விட்டுத்தானே ஆகவேணும்? காத்துப் படுற நுனிதான் முதல் காயும், அதுதான் முதல் வெடிக்கும். உலகத்தில உள்ள எந்தக் கம்மும் அதைப் பிடிக்காது.

சட்டத்துக்குக் கம் வேண்டாம். நடுவில ஒரு இஸ்க்ரூவை இறுக்கிப்போட்டு, மற்ற இஸ்க்ரூத் துளைகளைக் குறுக்குவாட்டில நீட்டாக் குடைஞ்சு விடும். தலைக்கு வாசர் போட்டுக் கொஞ்சம் இளக்கமா வைச்சால் பலகை வழுக்கிக்கொண்டு தன்ரபாட்டில விளையாடும்.

---

ஸ்காபரோ சாவகச்சேரியான் | திங்கள் இரவு 10:30

இஞ்சை 8 எண்ட இலக்கத்தின்ர வடிவத்தில சின்னத் தகடு விக்கிறாங்கள், அதுவும் இதே வேலைதான் செய்யும். உளிச்சத்தம் அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. என்ர முதல் மேசையும் உப்பிடித்தான் போனது, எங்களுக்கு ஹீற்றர் போட வீட்டுக் காத்து உலர்ந்திடும். அண்டைக்கு நானும் கம்மைத்தான் திட்டினன்.

இன்னொண்டு தம்பி, இரும்புக் கிளாம்ப் கம்மில படாமல் இடையில பொலித்தீன் வையும். ஓக் பலகையில எனக்கு வரிசையாக் கறுப்புத் தழும்பு விழுந்தது. ஈரக் கம்மும் இரும்பும் மரத்துச் சாறும் சேர்ந்து மை மாதிரி ஊறிப் போச்சு, சீவித்தான் எடுத்தன்.

---

பூவரசு | செவ்வாய் காலை 7:10

டைட்பொண்ட் 3 காய மண்ணிறக் கோடு விழும், ஸ்காபரோ அண்ணை. முதிரை நல்ல மஞ்சள் மரம், கோடு தெரியும். வீட்டுக்குள்ள வைக்கிற சாப்பாட்டு மேசைக்கு அவிச்சாலும் தாங்கிற கம் எதுக்கு? டி3 போட்ட நல்ல வெள்ளைக் கம் ஒரு ரின் காணும் எண்டது என்ர அபிப்பிராயம். 3 ஆம் நம்பரை நான் கிணத்தடி வாங்குக்கும், மரக்கறி வெட்டுற பலகைக்கும் மட்டும் வைச்சிருக்கிறன். அதுவும் எப்பவும் தண்ணிக்குள்ள கிடக்கிற சாமானுக்குச் சரிவராது எண்டு போத்தலிலயே போட்டிருக்கு.

வழிஞ்ச கம்மை ஈரத் துணியால துடைக்காதேங்கோ. கரைஞ்சு நார் எல்லாத்துக்குள்ளயும் போய், வார்னிஷ் அடிக்கேக்க வெள்ளைத் திட்டாத் தெரியும். அரை மணித்தியாலம் விட்டு, றப்பர் மாதிரி வரேக்க உளியால வழிச்சால் அப்பிடியே சுருண்டு வரும். அந்த நேரத்தைத் தவற விட்டால் கல்லுத்தான்.

---

ஸ்காபரோ சாவகச்சேரியான் | செவ்வாய் காலை 7:40

மண்ணிறக் கோட்டை நான் யோசிக்கேல்லை. இஞ்சை வால்நட் மரத்தில தெரியாது. சரி பிள்ளை, தோத்தன்.

---

சிலாகை | மார்கழி, ஞாயிறு காலை 9:30

கன நாளுக்குப் பிறகு வாறன். மேசையை முழுசாப் பிரிச்சு, ஒயில் பட்ட பக்கத்தைச் சீவிச் சீவி அந்தப் பலகை மூண்டரை அங்குலம் ஆயிட்டுது. ஐஞ்சாவது சீவலுக்குப் பிறகுதான் தண்ணிச் சொட்டு ஊறினது. இரண்டு இரண்டாத்தான் ஒட்டினன், விடியக் காலமை, பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷால பூசி. வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்கிற வேலைதான் ஆகக் கூட மினக்கெட்டது; ஒரு பொருத்துக்கு ஒரு முழு ஞாயிறு போச்சு. கிளாம்ப் மூண்டு இரவல் வாங்கினன். கம் டி3, ரின்னில திகதி பாத்து வாங்கினது.

மாரி முழுக்க நிண்டு பிடிச்சிட்டுது. சட்டத்தில பென்சிலால ஒரு கோடு கீறி வைச்சனான். பலகை அதைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளியில வந்திருக்கு. அசையிறது கண்ணாலயே தெரியுது. ஒரு பொருத்தில மட்டும் நுனியில தலைமயிர் அளவு கோடு ஒண்டு. அது நான் அவசரப்பட்ட பொருத்து, எனக்கே தெரியும்.

வாளிக் கம் அரைக் கிலோ மிச்சம் கிடந்தது. மகன் பட்டத்துக்கு எடுத்திட்டான்.

---

உளிச்சத்தம் | ஞாயிறு காலை 10:05

கோட்டுக்குள்ள ஒண்டும் விடாதேயும், சோளகம் வரட்டும், அப்ப பாப்பம். பட்டத்துக்கு உந்தக் கம் பாரம், தாள் ஊறி நெளியும். பொடியனுக்குக் கோதுமை மா காய்ச்சிக் குடும்.